சுதாகர் பிடித்து வைத்திருந்த தட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். வீட்டில் காய்ச்சல் வந்தால் அம்மா திருநீறு வாங்கக் கோயிலுக்குப் போவார், நான் மருந்துக் கடைக்குப் போவேன். கலவரத்தில் அப்பாவின் புடவைக் கடையை எரித்தவர்கள் எல்லாரும் கையும் காலும் உள்ள மனிதர்கள்தான், அதைக் கண்ணால் பார்த்த பிறகு பேய்க்குப் பயப்பட எனக்கென்ன பைத்தியமா? ஆனாலும் நீங்கள் இப்போது கேட்ட அந்த இசைத்தட்டை நான் விற்பதில்லை. ஏன் என்று நச்சரிக்கிறீர்கள், சொல்கிறேன். சிரிப்பதென்றால் கடைப் படி இறங்கிய பிறகு சிரியுங்கள்.

சுதாகர் என்று எனக்கொரு கூட்டாளி இருந்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவனுடைய அப்பா அரசாங்க உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்து இங்கேயே காலமானவர். அம்மாவும், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற வசந்தி அக்காவும், சுதாகரும் கட்டுக்கலையில் வாடகைக்கு இருந்தார்கள். நானும் அவனும் கல்யாண வீடுகளுக்கும் ஹோட்டல் பார்ட்டிகளுக்கும் பாட்டுப் போட்டோம். ஒரு பழைய வேன், தட்டைச் சுழற்றுகிற டர்ன்டேபிள் இரண்டு, ஒரு மிக்ஸர், பெரிய ஸ்பீக்கர் நான்கு. ஊரெல்லாம் கேசட்டுக்கும் சீடிக்கும் மாறிவிட்ட காலத்திலும் அவனுக்குத் தட்டுதான் வேண்டும். ஜெர்மனியில் அகதியாக இருந்த மச்சான் ஒருவன் அவனுக்குப் பார்சல் அனுப்புவான். பாடகர் கிடையாது, வரிகள் கிடையாது, தாள அடி மட்டும்தான். அங்கே ஏதோ நிலவறைகளில் ஆடுகிறவர்களுக்காகச் சில நூறு தட்டு அடித்து முடித்துவிடுவார்களாம், பிறகு எங்கே தேடினாலும் கிடைக்காதாம். எங்களுக்கு வழக்கமாக வேலை கொடுத்த ஹோட்டல் மேனேஜர் முதல்முறை கேட்டுவிட்டு, "ஹந்தானையில தேயிலைக் கொழுந்து அரைக்கிற மெஷின் சும்மாவே இப்படித்தான் சத்தம் போடுது, இதுக்கு எதுக்குய்யா ஜெர்மனிக்குப் போறீங்க?" என்றார். கொஞ்ச நேரத்தில் அவருடைய காலும் தாளம் போட்டது, அது வேறு கதை.

இந்த வேலை எப்படி என்றால், ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதை அதன் முதல் அடியில் நிறுத்தி, விரலால் பிடித்துக்கொண்டு, ஹெட்போனில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பது. ஓடுகிற பாட்டு முடிகிற இடம் வந்ததும் விரலை எடுக்க வேண்டும். ஒவ்வொருவன் கைக்கும் ஒரு இழுப்பு உண்டு. சுதாகருடையது இரண்டு குட்டை, ஒரு நெட்டை. சக், சக், சர்ர்ர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவன் கைதான் என்று சொல்லிவிடுவேன். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

அதோடு இந்தத் தொழிலில் ஒரு அற்பப் புத்தியும் உண்டு. நல்ல தட்டு கையில் இருந்தால் அதன் பெயரை மற்றவன் பார்த்துவிடக் கூடாது. பேராதனைப் பக்கத்திலிருந்து எங்களுக்குப் போட்டியாக ஒருவன் கிளம்பி, பார்ட்டிக்கு வந்து எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க ஆரம்பித்தான். நான் கறுப்புக் கடதாசியை வட்டம் வட்டமாக வெட்டி, ஒவ்வொரு தட்டின் நடுவிலும் பெயர் மறைகிற மாதிரி ஒட்டினேன். சுதாகருக்கு அதில் பெரிய விருப்பமில்லை. நான்தான் ஒட்டினேன். இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கலகெதரவில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகும் வழியில், இராணுவச் சோதனைச் சாவடியில் வேனை மறித்தார்கள். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சுதாகருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அது புதிதில்லை. முன்பும் இறக்கியிருக்கிறார்கள், விசாரித்திருக்கிறார்கள், விட்டிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அவன் மடியில் இருந்த தட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். எல்லாத் தட்டிலும் கறுப்பு வட்டம். பெயரை ஏன் மறைத்தாய் என்று அந்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார். கெட்டவர் மாதிரிகூட இல்லை, சலித்துப்போன முகம். வேறு ஆட்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக என்று சுதாகர் உள்ளதை உள்ளபடி சொன்னான். அந்த இடத்தில் அந்தப் பதில் எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவனையும் பெட்டியையும் உள்ளே கொண்டுபோனார்கள். நான் கண்டியில் பிறந்தவன், என்னைப் போகச் சொன்னார்கள். நான் தயங்கினேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. சுதாகர் திரும்பிப் பார்த்து, "நீ போய்த் தொடங்கு மச்சான். உன்ர பாட்டு முடிய முன்னம் நான் வந்திடுவன்" என்றான். நான் போனேன். கேசட்டை வைத்துச் சமாளித்தேன். சமாளித்தேன் என்பதுகூடப் பொய், அன்றைக்குப் பிரமாதமாகப் போட்டேன். மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கு வந்து கட்டிப்பிடித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தால் சோறு இறங்காது.

அவன் வரவில்லை. சாவடியில், அன்றைக்கே விட்டுவிட்டோம் என்றார்கள். முகாம்களில், எங்கள் பதிவில் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். வசந்தி அக்கா ஏறி இறங்காத இடமில்லை. அவனுடைய அம்மா காத்திருந்தே போய்ச் சேர்ந்தார். அக்கா கல்யாணம் கட்டவில்லை, வீடு மாறவில்லை. அவன் திரும்பி வந்தால் தேடி அலைவானாம். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியாதது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி ஆறியிருப்பேன்.

வருடங்கள் போயின. சண்டை மட்டும் முடிகிறபாடில்லை. நான் பாட்டுப் போடுவதை விட்டுவிட்டு இந்த மாடியில் தட்டுக் கடை போட்டேன். ஒரு நாள் அக்கா படியேறி வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, இனிக் காணும், காத்திருந்தது போதும். ஐயரோட கதைச்சிட்டன். உடம்பு இல்லாட்டிலும் தர்ப்பையில ஆள் செய்து எரிக்கலாமாம். நீர்தான் கொள்ளி வைக்கவேணும், எனக்கு வேற ஆர் இருக்கினம்?"

"நானா அக்கா? என்னப் போய்க் கேக்குறீங்களே."

"அவன் உம்மைத்தான் தம்பி எண்டு சொல்லுவான்" என்றார். சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அந்த மாதமே எனக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பழைய நிலவறைத் தட்டுகளையெல்லாம் அங்கே மறுபடி அடித்து வெளியிடத் தொடங்கியிருந்தார்கள், நானும் விற்பனைக்கு வரவழைப்பேன். அதில் ஒன்று சுதாகருடைய பெட்டியில் இருந்த தட்டு. அவனுக்கு உயிரான தட்டு. இரண்டு பிரதி, மேலே கண்ணாடித் தாள் ஒட்டியபடி, யார் கையும் படாமல். ஒன்றைப் பிரித்துப் போட்டேன். பட்டப் பகல், கீழே பஸ் ஹார்ன் அடிக்கிறது, முன்னால் பிளேன்டீ ஆவி பறக்கிறது. ஊசி இறங்கியது. முதல் அடி வரவேண்டிய இடத்தில் வரவில்லை.

சக், சக், சர்ர்ர்.

திரும்பவும். சக், சக், சர்ர்ர். பிறகுதான் அடி விழுந்தது.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை, புத்திதான் வேலை செய்தது. மூல ஒலிநாடா தொலைந்துபோனால், யாரிடமாவது உள்ள பழைய தட்டிலிருந்தே பிரதி எடுப்பார்கள், அது நடக்கிறதுதான். அப்படியென்றால் சுதாகருடைய தட்டு அவர்கள் கையில் கிடைத்திருக்கிறது. தட்டு இருந்தால் அவனும் எங்கேயாவது இருக்கலாம். தட்டை வெளியிட்ட கம்பெனிக்கு இமெயில் போட்டேன். நாங்கள் மூல நாடாவிலிருந்துதான் எடுத்தோம், நீங்கள் சொல்கிற சத்தம் எதுவும் அதில் இல்லை என்று பதில் வந்தது. சுதாகருடைய மச்சானை அழைத்து அங்கேயே ஒரு பிரதி வாங்கச் சொன்னேன். வாங்கி, போனைப் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டினான். எடுத்தவுடன் அடி. சுத்தமாக இருந்தது. என்னிடமிருந்த இரண்டாவது பிரதியைப் பிரித்தேன். சக், சக், சர்ர்ர்.

பக்கத்துக் கடையில் ரேடியோ திருத்துகிற ரஷீத் நானாவைக் கூப்பிட்டேன். அவருக்கு சுதாகரைத் தெரியாது, அவர் கடை போட்டதே பிறகுதான். மெஷினைக் கழற்றிப் பார்த்தார், ஊசியை மாற்றிப் பார்த்தார். "மோட்டர் நல்லாத்தான் ஈக்கி. தட்டுல ஆரோ கைய வச்சிப் புடிச்சிட்டு ஈக்கிற மாதிரி கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் கடைக்குள் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இன்னொன்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்ப வேண்டாம். அது நீண்டுகொண்டே போனது. முதல் நாள் ஒரு மிடறு பிளேன்டீ குடிக்கிற நேரம். அடுத்த வாரம் கோப்பை காலியாகிவிடும், அடி விழுந்திருக்காது. தட்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஊசி முதல் கோட்டைவிட்டு நகராது. சக், சக், சர்ர்ர். தொழில் தெரிந்தவனுக்கு அதன் அர்த்தம் யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஓடுகிற பாட்டு முடியட்டும் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறான். யாருடைய பாட்டு? என்னுடையதுதான். நான் தொடங்கியதை இன்னும் நான் முடிக்கவில்லை.

அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் கொள்ளியை நிறுத்திவிடுவார், இன்னும் பத்து வருடம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பார், பாவம் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், எனக்கு அது முடிந்தால் போதும் என்றிருந்தது. இவ்வளவுதான் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மகாவலி ஆற்றங்கரையில் ஐயர் தர்ப்பையால் ஓர் உருவம் கட்டினார். தலை, கை, கால் எல்லாம் இருந்தது, குழந்தை அளவுதான். அக்கா அதன்மேல் அவனுடைய பழைய சட்டை ஒன்றைப் போர்த்தினார். நான் கொள்ளி வைத்தேன். காய்ந்த புல்தானே, குப்பென்று பிடித்துக்கொண்டது. அக்கா அழவில்லை. நான்தான் வெட்கமில்லாமல் அழுதேன், அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த நாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகத் தட்டைப் போட்டேன். எடுத்தவுடன் அடி விழுந்தது. மற்றப் பிரதியைப் போட்டேன், அதுவும் அப்படியே. ஒரு சின்னக் கீறல் சத்தம்கூட இல்லை. விரலை எடுத்துவிட்டான், போய்விட்டான், அவ்வளவுதான் என்று எனக்கு நெஞ்சு இலேசானது. அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு நேரே கட்டுக்கலைக்கு ஓடினேன். அக்காவுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பார்சல், சத்தம், ரஷீத் நானா சொன்னது, அது நாளுக்கு நாள் நீண்டது, இன்று காலை நின்றது. "நிம்மதியாப் போய்ட்டான் அக்கா" என்று முடித்தேன்.

அக்கா கதிரையில் இருந்தபடியே கேட்டார். கணக்கு டீச்சர் இல்லையா, நான் சொன்னதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திப் பார்த்தார் போல.

"அப்ப நேற்று வரைக்கும் அவன் உயிரோட இருந்தவனோ தம்பி?"

நான் ஏதேதோ உளறினேன். அது வெறும் சத்தம் அக்கா, பிழையான தட்டு அக்கா என்றேன். அவர் எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். நான் அதையும் வாங்கிக் குடித்தேன்.

வருடம் திரும்பியது. திவசம் செய்ய நாள் குறிக்கவேண்டும், எந்தத் திதி என்று ஐயர் கேட்டார். காணாமல்போன நாளையே வைக்கலாம், கொள்ளி வைத்த நாளையும் வைக்கலாம், நீங்களே சொல்லுங்கள் என்றார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீர் சொல்லும் தம்பி. அவன் எண்டைக்குச் செத்தவன்?"

கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் கேட்டார். சண்டையும் முடிந்து இத்தனை காலமாகிவிட்டது, ஒவ்வொரு வருடமும் ஐயர் கேட்கிறார், அக்கா என்னைப் பார்க்கிறார். சுதாகருக்கு இன்றுவரை திவசம் நடக்கவில்லை.