உதவி மேசைக்காரி விமானம் ஏறிய கதை

விமான நிலைய உதவி மேசையில் உட்கார்ந்திருப்பவளிடம் விமானத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கழிவறை எங்கே, சார்ஜர் சொருக இடம் எங்கே, காபி ஏன் இந்த விலை, இவ்வளவுதான். நான்கு வருடமாக நான் பார்க்கும் வேலை இது. திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி விமான நிலையத்தில் இறங்குவேன். நாள் முழுக்க ஊராரை ஏற்றிவிட்டு, அதே மெட்ரோவில் வீடு திரும்புவேன். போன மாதம் வரை நான் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. பயம்.

கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகள் பிறந்து பத்து மாதம் ஆகியும் அவளை அவர் போனில்தான் பார்த்திருந்தார். அவருக்கு லீவு கிடைக்காததால் நான்தான் கைக்குழந்தையோடு போக வேண்டும், நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். இரண்டு முறை டிக்கெட் போட்டு இரண்டு முறையும் ரத்து செய்தேன். முதல் முறை குழந்தைக்குச் சளி என்றேன், அடுத்த முறை எனக்கு. மூன்றாவது டிக்கெட்டை, ரத்தே செய்ய முடியாத ரகமாகப் பார்த்து அவரே போட்டு அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம்தான் மேசைக்கு வருகிறவர்கள் பேச்சை உன்னிப்பாகக் கேட்க ஆரம்பித்தேன். எந்த விமான நிலையம் நல்லது, எது பாடாய்ப் படுத்தும்? என்னைப் போலவே பயந்து பயந்து பயணம் போகிறவர்களுக்காக, பிள்ளை தூங்கின நேரமாகப் பார்த்து எழுதி வைக்கிறேன்.

சீக்கிரம் வந்தவர்

அத்திப்பட்டிலிருந்து ஒரு ஃபிட்டர். துபாய்க்கு ராத்திரி விமானம். காலை ஏழு மணிக்கே பெட்டியோடு வந்து நின்றார். வாசலில் இருந்த காவலர் உள்ளே விடவில்லை. வாசலுக்கு வெளியே, கண்ணாடிச் சுவரை ஒட்டித்தான் என் மேசை. பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நின்றதில் அவருடைய மச்சான் ஒரு விமானத்தையே விட்டாராம். அதனால் இவர் இருட்டோடு கிளம்பிவிட்டார். அன்றைக்குப் பார்த்து ரோடு காலி. மூன்று மணி நேரம் முன்னால் வந்தால் போதுமே என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வூட்லேர்ந்து இங்க வர்றதுக்குத்தான் மேடம் நேரம் ஆவும். இங்கேர்ந்து துபாய் கிட்டக்கத்தான் கீது."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு வெல்டரை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவரைத் தனியாக அனுப்பினால் வீட்டுக்கே மரியாதைக் குறைச்சல். பயணிகளுக்கு உள்ளே ஏசி, நாற்காலி, டிவி எல்லாம் உண்டு. அழுதுகொண்டு நிற்பவர்களுக்கு எந்த விமான நிலையமும் ஒரு பெஞ்சுகூடப் போடுவதில்லை, கவனித்திருப்பீர்கள்.

உள்ளே போனவர் கடைசியாகத் தெரிகிற இடம் எது என்று அவர் மனைவி கேட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்றாவது தூணைக் காட்டினேன். அரை மணி நேரம் அத்தனை பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கையாட்டினார்கள். உள்ளே தூணருகிலிருந்து நீலச் சட்டைக்காரர் ஒருவரும் சளைக்காமல் ஆட்டினார். அப்புறம் வெல்டரிடமிருந்து போன் வந்தது. அவர் எப்போதோ சோதனை முடிந்து மாடிக்குப் போயிருந்தார். தூணைக் காட்டிய பாவத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவால்ல மேடம். அவரும் யாரு வூட்டுக்காரரோ, அவுருக்கு ஆட்ட யாரும் வர்ல போல."

மைக்கில் என் குரல்

சில நாள் என்னை உள்ளே மைக் முன்னால் உட்கார வைப்பார்கள். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் நாக்கைத் திருத்தி வளர்த்த இங்கிலீஷ் எனக்கு. தமிழிலும் 'கனிவான கவனத்திற்கு' என்று குழைவேன். ஒரு நாள் ஒரு விமானத்துக்கு ஏறும் வாசல் மாறிவிட்டது. இரண்டு மொழியிலும் இரண்டிரண்டு முறை அறிவித்தேன். பழைய வாசலில் உட்கார்ந்திருந்த கூட்டம் அசையவில்லை.

வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எழுந்து என்னிடம் வந்தார். கடைக்குச் சரக்கு எடுக்க ஊர் ஊராகப் பறக்கிறவர். எங்கேயும் இதே கஷ்டம்தான் என்றார். குரல் வருமாம், சேதி வராதாம். பிறகு யாருக்கும் கேட்காமல் குனிந்து சொன்னார்.

"நீ பேசறது அம்சமா கீதும்மா. அதையே ஒருக்கா நம்ம பாஷைல சொல்லிட்டீன்னா, நானும் ஃப்ளைட்டப் புடிச்சிடுவேன்."

பாலூட்டும் அறை

என் பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ராயபுரத்துப் பெண் ஒருத்தி, ஆறு மாதப் பிள்ளையோடு ஏதோ வடக்கத்தி ஊரிலிருந்து வந்து இறங்கினாள். வழி கேட்க வந்தவளை நிறுத்தி வைத்து நான்தான் கேள்வி கேட்டேன். பிள்ளை அழுததா, காது வலித்ததா, பாலூட்ட இடம் இருந்ததா? அங்கே பாலூட்டும் அறைக்கு அம்புக்குறி போட்டு ஐந்து போர்டு வைத்திருந்தார்களாம். அறையும் இருந்ததாம், பூட்டோடு. சாவிக்காரனைத் தேடி அலைந்து, கடைசியில் சேலைக் கடை விளம்பரத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்தாளாம்.

என் முகம் போன போக்கைப் பார்த்து, என் கைமேல் கை வைத்தாள்.

"இன்னாத்துக்கு அக்கா இப்டி நடுங்கறே? நீ இங்கியே வேல பாக்கறவ. உனுக்கே பயம்னா நாங்கள்ளாம் இன்னா பண்றது?"

நேராகப் போய் இடதுபக்கம்

ஏறிவிட்டேன். விமானத்தில் மகள் தூங்கினாள், நான் ஜெபமாலை உருட்டினேன். மாறவேண்டிய ஊரில் இறங்கினால், முகம் பார்க்கலாம் போலத் தரை, உள்ளேயே மரங்கள், பியானோ வாசிக்கும் ஒருவர். போர்டில் என் விமானத்துக்கு வாசல் மாறியிருந்தது. உதவி மேசைப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், நேராகப் போய் இடதுபக்கம், அப்புறம் லிஃப்ட் என்றாள். என்னுடைய வாக்கியம், என்னுடைய அதே தொனி. போனேன். ஒரு சென்ட் கடை வந்தது. திரும்பி வந்து கேட்டேன், அதே பதில், மறுபடியும் அதே சென்ட் கடை.

மூன்றாவது முறை அவள் முன்னால் நின்றபோது வாசல் மூட இருபது நிமிடம் இருந்தது. இதை விட்டால் நான்காவது டிக்கெட்டில் நான் ஏறமாட்டேன் என்று எனக்கே தெரியும். பிள்ளை அழுதது, கூடவே நானும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்தாள். என் தோள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"மேடம், நான் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆச்சு. அந்த லிஃப்ட் எங்கேன்னு எனக்கும் தெரியாது, வாங்க, சேர்ந்தே தேடலாம்."

அன்று மாலை மஸ்கட்டில் மகள் தன் அப்பாவைப் பார்த்து வீறிட்டு அழுதுவிட்டு அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள் என்பதால், சக பயந்தாங்கொள்ளிகளே, நல்ல விமான நிலையம் எது என்று என்னைக் கேட்டால், தரை மினுக்குவதைப் பார்க்காதீர்கள், உதவி மேசைக்காரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறாளா என்று பாருங்கள், நான் எழுந்திருக்காத நான்கு வருடத்தை மட்டும் பெரிய மனதோடு மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.