அப்பாட்டச் சொல்லு

என் கணவர் இறந்து நான்கு மாதமான பிறகு, இரண்டு பெண் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, எங்கள் கலியாணம் முடிந்துபோக வேண்டியதில்லை என்று சொன்னார்கள்.

மொன்ட்ரியாலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் அப்போது மூன்றாம் மாடியில் இருந்தோம். வெளிப்பக்கமாக வளைந்து ஏறும் இரும்புப் படி. மார்ச் மாதப் பனி பகலில் உருகி, பின்னேரம் திரும்ப உறைந்து, கால் வைக்க முடியாமல் கிடந்தது. அந்தப் படியில் நீளப் பாவாடையும் உடுத்திக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார்கள். என் மகள் மெட்ரோவில் சந்தித்துக் கதைத்து, வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது. வந்தவர்களுக்கு அவளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். சட்டையில் கறுப்புப் பெயர்த் தகடு. மோர்மன் சமயத்து ஊழியக்காரர்கள். ஒன்றரை வருஷம் வீட்டை விட்டு வந்து, ஊர் பேர் தெரியாத ஆட்களின் கதவைத் தட்டுகிறார்களாம். இவர்களைப் பெற்ற தாய்மார் எப்படி விட்டார்கள் என்றுதான் முதலில் யோசித்தேன்.

தேத்தண்ணி போட்டேன். குடிக்க மாட்டார்களாம். தேத்தண்ணி, கோப்பி இரண்டும் அவர்கள் சமயத்தில் விலக்கு. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு இருத்திவைத்துப் பழக்கமில்லாதவள் நான். பால் காய்ச்சி மால்ட் கரைத்துக் கொடுத்தேன், குடித்தார்கள். ஊற்றி வைத்த இரண்டு கோப்பைத் தேத்தண்ணியையும் நானே குடித்து முடித்தேன்.

அவர்கள் பிரெஞ்சில் சொல்ல, மகள் தமிழில் சொன்னாள்.

"அம்மா, கலியாணம் சாவோட முடியத் தேவையில்லையாம். அவையின்ர கோயிலுக்குள்ள வைச்சுச் சேர்த்துவிட்டால் எண்டைக்கும் இருக்குமாம். குடும்பம் பிரியாதாம். செத்தாக்களுக்கும் செய்யலாமாம்."

பிள்ளைகள் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை என்ற நம்பிக்கை அவர்கள் கண்ணில் தெரிந்தது. ஒருத்திக்குக் கண் கலங்கியும் இருந்தது. எனக்குக் கலங்கவில்லை. மெர்சி, நன்றி என்றேன். எங்கள் ஆட்களும் ஏழு பிறப்புக்கும் இவரே கணவர் என்று சொல்கிறவர்கள்தான். அதிலாவது ஏழு என்று ஒரு கணக்கு இருக்கிறது.

என் கணவர் என்னை அடித்தவரில்லை. குடித்தவரில்லை. நகரத்து நடுவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை, சம்பளத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவார். அடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். கோபம் வந்தால் என்னோடு கதைக்க மாட்டார்.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. அவருடைய கூட்டாளிகள் சாப்பிட வந்திருந்த ஒரு நாள், அவர் வைத்த ஆட்டிறைச்சிக் கறியை ருசி பார்த்து, "உப்புக் காணாது" என்று சொல்லிவிட்டேன். அது ஒரு தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். அவர் திரும்ப என்னோடு வாய் திறந்தபோது அடுத்த தைப்பொங்கலுக்கு அரிசி வாங்கியாகிவிட்டது. இப்படிப் பல தடவை. கலியாணம் முடித்த இருபத்தொரு வருஷத்தில் நாங்கள் கதைத்த மாதங்களைவிடக் கதைக்காத மாதங்கள் கூட இருக்கும்.

கதைக்காவிட்டாலும் வீடு நடக்க வேண்டும் அல்லவா? அதற்கு மகள் இருந்தாள். மொன்ட்ரியால் வீடுகள் தெரியும்தானே, முன்னறையிலிருந்து பின்பக்கக் குசினி வரைக்கும் ஒரே நீட்டுக் கொரிடோர். அவர் முன்னறையில், நான் குசினியில். "அப்பாட்டச் சொல்லு, சாப்பாடு மேசையில இருக்கு." அவள் போவாள். "அம்மா, வீட்டுச் சொந்தக்காரன் நாளைக்கு வருவானாம், அப்பா சொல்லச் சொன்னவர்." நாலு வயதில் தொடங்கியது. போகும்போது, வழியில் மறந்துவிடாமல் இருக்க, சொன்னதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் போவாள். உதடு மட்டும் அசையும். கெட்டிக்காரப் பிள்ளை, ஒரு சொல் மாறாது. அப்போது எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவளோடு அவர் நன்றாகக் கதைப்பார். பாட்டுப் பாடுவார், தோளில் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போவார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவளுக்கு நல்ல தகப்பன் இருந்தார். எனக்குத்தான் ஆள் இல்லை.

அவர் போனது மாரடைப்பில், வேலையிடத்திலேயே. அப்போது நாங்கள் கதைக்காமல் ஏழாவது கிழமை. செத்தவீட்டில், வழக்கப்படி, தாலியைக் கழற்றி அவர் நெஞ்சில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பெட்டியை மூட முன்னர் எடுத்துக்கொள், பவுன் எரிந்து என்ன பயன் என்று சொந்தக்கார மனிசி ஒருத்தி காதுக்குள் சொன்னாள். நான் எடுக்கவில்லை. பாசத்தில் விட்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அதைத் திரும்பக் கையால் தொட மனமில்லை, அவ்வளவுதான்.

அழுகை வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. ஒரு கிழமை கழித்து வேலைக்குப் போனேன். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் இடத்தில் எனக்கு மடிக்கிற வேலை. ஒரு பக்கம் நான், மறுபக்கம் மொன்ட்ரியால்-நோரிலிருந்து வரும் ஹெயிட்டிக்காரி. இழு, சேர், மடி, அடுத்தது. அவளும் கதைக்க மாட்டாள், மெஷின் சத்தத்தில் கதைத்தாலும் கேட்காது. வீட்டில் பழகிய ஆள், எனக்கு அந்த வேலை கஷ்டமாக இருக்கவில்லை.

மகள் அந்தப் பிள்ளைகளோடு போய்வரத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை. தடுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவளும் தேத்தண்ணியை விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போக மாட்டேன் என்றாள். எங்கள் கோயிலடியில் ஆட்கள் வாய்க்கு வந்தபடி கதைத்தார்கள். தகப்பன் இல்லாத வீட்டுக்குள் வேதக்காரர் புகுந்துவிட்டார்கள் என்றார்கள். கேட்டுக்கொண்டு அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று நானும் போனேன். வெள்ளை உடுப்போடு தொட்டிக்குள் இறங்கி, முழுகி எழும்பினாள். எல்லோரும் மெல்லப் பாடினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தலை ஈரத்தோடு வெளியே போனால் சளி பிடிக்குமே என்று கொண்டுபோன துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு குடும்ப விவரத் தாள்கள் வந்தன. இறந்த உறவினருக்காக உயிரோடிருப்பவர்கள் அந்தச் சடங்குகளைச் செய்து கொடுப்பது அவர்கள் வழக்கம், அதனால் வம்சத்தை எழுதி வைக்கிறார்கள். எங்கள் வம்சத்தை எழுதப்போய் அந்தப் பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? என் மாமனாரின் பெயர் என் கணவருக்குக் கடைசிப் பெயர். என் கணவரின் பெயர் எனக்கும் மகளுக்கும் கடைசிப் பெயர். தாளைப் பார்த்துவிட்டு ஒருத்தி, நானும் மகளும் சகோதரிகளா, அவர் எங்கள் இருவருக்கும் தகப்பனா என்று கேட்டாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அவர் இறந்து ஒரு வருஷம் கழிந்ததும், அவருக்கும் ஞானஸ்நானம் செய்யலாம் என்று மகள் வந்து நின்றாள். உயிரோடிருக்கும் மனைவி சம்மதிக்க வேண்டுமாம். அவருக்குப் பதிலாக வேறோர் ஆண் தண்ணீரில் முழுகுவாராம். என் கணவருக்குப் பீனிசம், தலைக்குக் குளித்தால் மூன்று நாளைக்குத் தும்முவார். வேறொருவர் நனைவதென்றால் எனக்கென்ன? "செய்" என்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அவர்களுடைய கோயிலுக்கு ஒரு சனிக்கிழமை போய்விட்டு, முகம் சிவந்து, கண் வீங்கி, ஆனால் சந்தோஷமாக வந்தாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் அன்று சொல்லவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் குசினியில் கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தேன். அவள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அம்மா, ஒண்டு கேக்கவேணும்."

"கேள்."

"நீங்களும் தண்ணியில இறங்கினால், ஒரு வருஷத்தில நாங்கள் ரெண்டு பேரும் கோயிலுக்குப் போகலாம். அப்பாவுக்குப் பதிலா ஓராள் முழங்காலில நிப்பார். நீங்கள் எதிர்ப்பக்கம். கையைப் பிடிச்சிருப்பியள். பிறகு நான் வந்து உங்கட கையில என்ர கையை வைப்பன். அதோட நான் உங்கட பிள்ளை, எண்டைக்கும்."

"இப்ப ஆற்ற பிள்ளை?"

"இப்பவும் உங்கடதான். செத்தாப் பிறகு நான் தனியவெல்லோ அம்மா."

கத்தியை வைத்தேன். "அப்ப என்னோட மட்டும் சேர்க்கட்டும். அப்பாவை விடு."

"ஓராளோட மட்டும் ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தால்தான் பிள்ளையைச் சேர்க்கலாம்."

இதுதான் அதிலுள்ள சிக்கல். மகள் வேண்டுமென்றால் அவரையும் எடுக்க வேண்டும். அவர் வேண்டாமென்றால் மகளும் இல்லை. இந்தச் சமயத்தை நான் நம்பினேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவள் நம்பினாள். அவள் மனதில் ஒரு மறுவுலகம் இருந்தது, அங்கே அவள் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் ஓம் என்றால் அவள் தனியாக நிற்க மாட்டாள். ஒரு சொல்தான். வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

"நான் மாட்டன் எண்டால்?"

பொய் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தாள், அதனால் உண்மையைச் சொன்னாள்.

"உங்கட காலத்துக்குப் பிறகு நான் செய்யலாம்."

"என்னைக் கேக்காமலோ?"

"அங்க கேப்பினம் அம்மா. செத்தாக்களும் ஓம் எண்டும் சொல்லலாம், இல்லை எண்டும் சொல்லலாம். கட்டாயமில்லை." பிறகு, குரலைத் தணித்து, "அப்பா காத்துக்கொண்டு நிக்கிறார். நேற்றுத் தண்ணியடியில நிக்கேக்க எனக்கு விளங்கிச்சு. உங்களைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்ன மாதிரி இருந்துது" என்றாள்.

அவள் நின்ற இடத்தைப் பார்த்தேன். நாலு வயதில் வந்து நின்ற அதே வாசல். உயரம்தான் கூடியிருந்தது. அந்த மனிசன் செத்தும் பிள்ளையைத்தான் அனுப்பியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷமாக உடம்பில் எதுவுமே வராமல் இருந்தவளுக்குக் கோபம் வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பாட்டச் சொல்லு" என்றேன்.

அவள் நிமிர்ந்து நின்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் உடம்பு தானாக நிமிர்ந்தது. அவளுக்கு அதெல்லாம் மறந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். மறக்கவில்லை.

"அப்பாட்டச் சொல்லு. என்னட்டக் கேக்கிறதெண்டால் அவர் வந்து கேக்கட்டும். தன்ர வாயால கேக்கட்டும். பிள்ளையை அனுப்ப வேண்டாம். நான் செத்தாப் பிறகு நீ என்ன செய்யவேணுமோ செய், உன்னோட எனக்குக் கோவமில்லை. அங்க வந்து அவர் என்ர முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை கதைச்சால், அப்ப நான் பதில் சொல்லுவன்."

அவள் சமயத்தை எடுத்து விளக்குவாள் என்று நினைத்தேன், விளக்கவில்லை. கோபிப்பாள் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. கொரிடோர்ப் பக்கம் திரும்பினாள். முன்னறையில் இப்போது யாரும் இல்லை, அவருடைய கதிரை மட்டும்தான் இருந்தது. இரண்டடி வைத்து நின்றாள். பக்கவாட்டில் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதடு அசைவதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.