பாதி ஷட்டருக்கு உள்ளே

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையை மதியம் ஒரு மணிக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறப்பார்கள். புதுச்சேரியில் பழைய கடைகள் பலவும் இன்னும் அப்படித்தான். முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். பில் போடுகிற பெண்ணுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற எனக்கு வீடு அரியாங்குப்பத்தில். டெம்போ ஏறினால் இருபது நிமிஷம். போய்ச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத் திரும்பலாம். என் மனைவி இருந்தவரை அப்படித்தான் செய்தேன்.

அவள் கடலூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நாள் கழித்துக் கோர்ட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம். பெரிய சண்டை எதுவும் இல்லை. "உங்க கூட இருக்கறதும் ஒண்ணுதான், தனியா இருக்கறதும் ஒண்ணுதான்" என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் பகலில் அந்த வீட்டுக்குள் நுழைய எனக்குப் பிடிக்கவில்லை. இரவென்றால் படுத்துவிடலாம். மதியத்தில் கூடத்துத் தரையில் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால் அந்த மூன்று மணி நேரத்தையும் ஊருக்குள்ளேயே கழித்தேன். கோயில் நடை சாத்தியிருக்கும். பீச் ரோட்டில் வெயில் தாங்காது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் ஜோடிகள். அவர்களுக்கு நான் தொந்தரவு, எனக்கு அவர்கள் தொந்தரவு. ஒன்றரை வருஷம் இப்படியே போனது.

ஐப்பசி மாதம் ஒரு மதியம் நல்ல மழை. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டேஷனரி கடையின் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றேன். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உள்ள வாங்க சார். சாரல் அடிக்குது பாருங்க."

குனிந்து உள்ளே போனேன். நோட்டு அடுக்குகளுக்கும் பொம்மைப் பெட்டிகளுக்கும் நடுவில், ஐம்பது வயதிருக்கும் ஒரு பாய், வெள்ளைத் தொப்பியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடி மேஜையில் படம் போட்ட கார்டுகள் இரண்டு வரிசையாக விரிந்திருந்தன. இரண்டு பக்கமும் அவரே ஆடிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போகலியா சார், சாப்பாட்டுக்கு?"

"அரியாங்குப்பம் பாய். போயிட்டு வர நேரம் சரியாப் போயிடும். வீட்ல கட்டிக் குடுத்துடறாங்க."

கையில் டப்பா இருந்தது. எங்கள் தெருமுனையில் மெஸ் வைத்திருக்கும் அம்மா, காலையில் வேலைக்குப் போகிறவர்களின் டப்பாவை வாங்கிச் சோறு போட்டுத் தருவார். அந்த டப்பா. முன்பின் தெரியாத மனிதரிடம் அதை எதற்கு விளக்க வேண்டும் என்று நினைத்தேன். மழை விட்டதும் போகப் போகிறவன்தானே.

மழை விடவில்லை. அன்று அவர் எனக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு அறுபது கார்டு. சில கார்டுகள் நிலம், அவற்றிலிருந்து பலம் கிடைக்கும். அந்தப் பலத்தைச் செலவழித்துச் சிப்பாய்களையும் பூதங்களையும் மந்திரங்களையும் இறக்கலாம். ஆளுக்கு இருபது உயிர். யாருடையது முதலில் பூஜ்யமாகிறதோ அவர் தோற்றார்.

இந்தக் கார்டுகள் பாக்கெட்டாக விற்பனைக்கு வருபவை. சனிக்கிழமை சாயங்காலம் காலேஜ் பையன்கள் வந்து பாக்கெட்டைக் கிழிப்பார்களாம். ஓரத்தில் சின்ன முத்திரை இருக்கும். அது பொன்னிறமாக இருந்தால் 'ரேர்', அரிய கார்டு, நல்ல விலை போகும். கறுப்பாக இருந்தால் 'காமன்', சாதாரணக் கார்டு. பொன்னிறத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். பாய் அவற்றைப் பொறுக்கி, ஷூ டப்பாக்களில் கார்டின் விளிம்பு நிறப்படி பிரித்து அடுக்கி வைத்திருந்தார். எட்டோ ஒன்பதோ டப்பாக்கள்.

"இந்தக் காமன் கார்ட மட்டுமே வெச்சு ஆடற வகை ஒண்ணு இருக்கு சார். வெளிநாட்லல்லாம் இதுக்குன்னே தனியாப் போட்டி வெக்கிறாங்களாம். பசங்களக் கூப்ட்டுப் பாத்தேன், ஒருத்தனும் வரல. அவங்களுக்கு ரேர் இல்லாம ஆட முடியாது."

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். ஒரு மணிக்கு ஷட்டரை முக்கால்வாசி இறக்குவார். மூலையில் விரிப்பைப் போட்டு மதியத் தொழுகையான லுஹரைத் தொழுவார். அதுவரை நான் சத்தம் வராமல் கார்டுகளைக் கலைத்துக்கொண்டிருப்பேன். பிறகு இரண்டு பேரும் டப்பாவைத் திறந்து சாப்பிடுவோம். அவர் என் குழம்பில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்வார். "வீட்ல கைப்பக்குவம் நல்லா இருக்கு சார்" என்பார். நான் தலையை ஆட்டுவேன். ஒருமுறை ஷட்டருக்கடியில் குனிந்து பார்த்த ஒருவர், "என்ன பாய், சீட்டாட்டமா?" என்று கேட்டார். "காசெல்லாம் வெக்கல, கொழந்தைங்க ஆடறதுதான்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஆட்டத்தில் எதையும் வாய் திறந்து சொல்லித்தான் செய்ய வேண்டும். இதை இறக்குகிறேன், சரியா? சரி. இவனை வைத்துத் தாக்குகிறேன், தடுக்கிறீர்களா? தடுக்கவில்லை. எதிராளி சரி என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மதியத்தில் நான் அங்கே பேசியது, என் மனைவியோடு ஒரு மாதத்தில் பேசியதைவிட அதிகம். அது உறைத்த அன்று கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். "உங்க முறை சார்" என்று அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் அவர் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். அன்று மறுபடி பூங்கா பெஞ்ச்.

பொய் தானாக வளர்ந்தது. "வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டால் ஏதாவது சொல்லியாக வேண்டும். தீபாவளிக்குப் புடவை எடுத்தேன் என்றேன். கடலூரில் அவளுடைய அக்கா மகளுக்குக் காது குத்து என்றேன். அது நிஜமாகவே நடந்தது, என்னைக் கூப்பிடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அவள் வீட்டில் இருப்பதாகத் தோன்றும். டெம்போவில் ஆற்றுப் பாலம் தாண்டும்போது தெளிந்துவிடும்.

மாசியில் பாயின் சின்ன மகளுக்கு நிச்சயம். "கண்டிப்பா ரெண்டு பேரும் வரணும்" என்று வெற்றிலை பாக்குத் தட்டோடு என் கடைக்கே வந்து அழைத்தார். நான் தனியாகப் போனேன். வாசலிலேயே அவர் மனைவி கேட்டார்.

"எங்க தம்பி அவங்க?"

"முதுகு வலி அக்கா. எழுந்திருக்க முடியல."

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து பாயின் டப்பாவோடு இன்னொரு தூக்கும் வந்தது. ஒருநாள் ஆட்டுக்கால் சூப், ஒருநாள் மிளகு ரசம், ஒருநாள் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும். "படுத்திருக்கவங்களுக்கு அடுப்பண்ட நிக்க முடியாதுன்னு குடுத்து விட்டா சார்." வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் டெம்போவில் மடியில் வைத்து எடுத்துப் போவேன். வீட்டில் சூடு பண்ணிச் சாப்பிடுவேன். நன்றாக இருக்கும், அதுதான் உறுத்தும். தூக்கைக் கழுவிக் காலையில் எடுத்துப் போய் மதியம் கொடுத்து, "கொஞ்சம் தேவலை" என்பேன். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொன்னால் வீட்டுக்கு அழைத்து வா என்பார்கள். அதனால் அவளைப் பாதி குணத்திலேயே வைத்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணி இருக்கும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கைலியோடு போய்க் கதவைத் திறந்தேன். பாயும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். எந்தத் தெரு, எந்த வீடு என்று ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவில் நான்தான் சொல்லியிருந்தேன். அக்கா கையில் ஒரு பையில் ஆப்பிள், இன்னொரு கையில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் பை, புதுசு, கவர் பிரிக்காதது.

"உள்ள வாங்க" என்றேன். வேறென்ன சொல்வது.

கூடத்தில் இருந்தது ஒரே நாற்காலி. பாய் அதில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார். கொடியில் என் சட்டைகள் மட்டும் தொங்கின. அக்கா எதையும் உற்றுப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கிறார் என்பது தெரிந்தது.

"அவ... காலைலதான் கடலூர் போனா. அம்மா வீட்டுக்கு. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்னு."

"நல்லது தம்பி" என்றார் அக்கா. "தண்ணி இருந்தா குடுங்க."

தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். "இதக் கொண்டுபோயி என்ன பண்ணப் போறேன், நீங்க வெச்சுக்கோங்க. நீங்களுந்தான் நாள் பூரா குனிஞ்சு வேல பாக்கறீங்க" என்று ரப்பர் பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்கள்.

ஸ்கூட்டர் வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வரும்போது கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு சார் அவங்க? ஒங்க வீட்டம்மாவப் பாக்க வந்தோம்னாங்க. அவங்க போயி ரெண்டு வருஷம் ஆச்சே, தெரியாதான்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்பறம்தான் மேல ஏறுனாங்க."

தெரிந்துதான் ஏறி வந்திருக்கிறார்கள். தெரிந்துதான் நான் கடலூர்க் கதை சொல்வதைக் கேட்டுவிட்டு "நல்லது" என்றார்கள். மாடிக்குப் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவமானம் என்று சொல்லலாம். அதைவிட, இனி மதியம் எங்கே போவது என்பதுதான் முதலில் மனசில் வந்தது. அப்படி வந்ததே எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை போகவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. கடை சாத்தியதும் எதிர்த் திசையில் நடந்தேன். ஒருநாள் நடந்தே தேங்காய்த்திட்டு வரை போனேன். மீன் ஏலமெல்லாம் முடிந்து துறைமுகத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. படகு நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். நாய் ஒன்று பக்கத்தில் வந்து படுத்தது. மெஸ் சோற்றில் பாதியை அதற்கு வைத்தேன்.

ஒன்பதாம் நாள் ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பாய் எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். முதலாளி, "கண்ணாடி பாக்கணுமா பாய்?" என்று கேட்டார். "இல்லீங்க, சாரக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றார்.

தெருவில் இறங்கியதும் நான் ஆரம்பித்தேன். "பாய், நான் சொன்னதெல்லாம்..."

"வெயில்ல நிக்க வேணாம், வாங்க."

அன்று அவர் தொழுது முடித்தபின், நான் டப்பாவைத் திறக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கடலூர், கோர்ட், மெஸ். துணி மடித்துக்கொண்டே அவள் சொன்ன அந்த வாக்கியத்தைக்கூடச் சொன்னேன். அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப இவ்வளவு நாளா நான் பாராட்டுனது மெஸ்காரம்மாவையா?"

"ஆமா பாய்."

"அவங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல சார்."

இரண்டு பேரும் சிரித்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு நான் இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். மறுநாள் மூன்று. அவர் என்னைவிட நன்றாக ஆடுபவர். பத்துக்கு ஏழு அவர்தான் ஜெயிப்பார். மூன்றாம் நாளும் நான் ஜெயித்தபோது, கார்டுகளைச் சேர்க்கையில் அவர் கையில் மிச்சமிருந்ததைப் பார்த்தேன். நெருப்பு மந்திரம் இரண்டு, ஒவ்வொன்றும் மூன்று உயிரை எரிக்கும். அதற்குத் தேவையான பலமும் அவரிடம் இருந்தது. எனக்கு நாலு உயிர்தான் பாக்கி இருந்தது. இரண்டு சுற்றுக்கு முன்பே என்னை முடித்திருக்கலாம்.

"இது கையிலயே இருந்துச்சா பாய்?"

"கவனிக்கல சார்."

"மூணு நாளாவா?"

அவர் ஷூ டப்பாவின் மூடியைத் தேடினார். மூடி எதிரிலேயே இருந்தது.

அந்த இடத்தில் எனக்கு வந்த வருத்தம், ஞாயிற்றுக்கிழமை வந்ததைவிடப் பெரியது. கீழ் வீட்டு அம்மா, முதலாளி, பில் போடுகிற பெண், எல்லோரும் இரண்டு வருஷமாக என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். இந்த மேஜையில் மட்டும்தான் ஒரு ஆள் என்னைத் தோற்கடிக்க உண்மையாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

"ஒழுங்கா ஆடுங்க பாய்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "இல்லன்னா நான் வரல."

அவர் என்னைப் பார்த்தார். கார்டுகளைக் கலைத்தார், வழக்கத்தைவிட நிதானமாக. வெட்டச் சொல்லி நீட்டினார். ஏழு ஏழாக எடுத்துக்கொண்டோம்.

ஆறாவது சுற்றில் முடித்துவிட்டார். என் சிப்பாய்களை இறங்க இறங்க எரித்தார், ஒரு எலிக் கார்டை வைத்தே பாதி உயிரைக் கொறித்தார். மீதியை ஒரே அடியில். நான் செய்த தப்பையும் சொன்னார். "அந்த எடத்துல நிலத்த வெச்சிருக்கணும் சார், அவசரப்பட்டுட்டீங்க."

"ஆமா பாய்."

"இன்னொண்ணு ஆடலாமா?"

மணி மூன்றேகால். ஆடலாம் என்றேன். அதிலும் தோற்றேன்.