வெறும் சத்தத்துக்கு ஓடிய இஞ்சின்

எங்கள் கிணறு பங்குக் கிணறு. எனக்குப் பாதி, பெரியப்பா மகனுக்குப் பாதி. அவர் எனக்கு அண்ணன் முறை. கிணற்று மேட்டுக் கொட்டாயில் இருந்த ஆயில் இஞ்சினும் அப்படித்தான், பாதிப் பாதி. வரப்புக்கு வடக்கே அவர் நிலம், தெற்கே என் நிலம். மேற்கில் ஓர் ஓடை. அதைத் தாண்டினால் கல்வராயன் மலையின் அடிக்காடு. கரண்ட் கம்பம் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை.

இஞ்சின் தண்ணீர் இறைக்கும். மலையடியில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, பன்றி விரட்டுவது. புகைக் குழாயின் வாயில் அடி உடைந்த பானை ஒன்றைக் கவிழ்த்துவிட்டால் சத்தம் பெருத்து, மலையில் மோதித் திரும்பி வரும். எந்தப் பக்கம் இறங்குவது என்று காட்டுப் பன்றி பொழுது சாயும்போதுதான் முடிவு செய்யும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் எண்ணம். அந்த நேரத்தில் பானைச் சத்தம் கேட்டால் வேறு காட்டைப் பார்த்துப் போய்விடும். எல்லா நாளும் அது பலித்தது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் பலித்தது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் ரோட்டை மறித்த வருஷங்களில் ஒன்று அது. நாங்கள் இருவரும் மல்லாட்டை போட்டிருந்தோம். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். மழை ஏமாற்றிவிட்டது. காய் பருக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பருப்பு பிடிக்காமல் பொக்காகப் போய்விடும். தண்ணீர் விட்டால் மண் இளகும். இளகின மண்ணைத்தான் பன்றி தேடி வரும். காய்ந்து இறுகிய தரையில் அதற்கு மூக்கு வலிக்கும் போலிருக்கிறது, இரண்டு இடத்தில் கீறிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆக, தண்ணீர் விட்டவன் சத்தமும் போட வேண்டும். இரண்டுக்கும் டீசல் வேண்டும்.

தியாகதுருகம் ரோட்டில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. டீசல் எங்கிருந்து வரும்? நான் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். நாங்கள் வாடிக்கையாக டீசலும் இஞ்சின் சாமானும் வாங்கும் பாய், கடைக் கதவை ஒரு பலகை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

"இன்னாங்க பாய், கொஞ்சமாவது இருக்குமா?"

"இருந்தாலும் குடுக்க மாட்டேன் தம்பி. கேன்ல டீசல் தூக்கிக்கினு ரோட்டுல போனா போலீஸ்காரன் உன்ன இன்னான்னு நெனப்பான்? பயிருக்குத் தண்ணி பாய்ச்சப் போறவன்னா நெனப்பான்? எதையோ கொளுத்தப் போறவன்னுதான் நெனப்பான்."

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை. காலிக் கேனுக்கும் வாசனை இருக்குமே என்று, கோணிப் பையில் சுற்றி, அதன்மேல் நாலு கட்டுக் கீரை வாங்கி வைத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் ஒரு போலீஸ்காரர்கூட என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் கீரையை மாடுகூடத் தின்னவில்லை, டீசல் நாற்றம்.

இருந்த டீசலில் முதல் முறை அண்ணனுடையது. போன தடவை நான் முதலில் பாய்ச்சியதால் இந்தத் தடவை அவர். வடக்குப் பக்கம் முழுக்க நனைந்தது. மறுநாள் என் முறை வந்தபோது டேங்கியில் குச்சி விட்டுப் பார்த்தோம், குச்சியில் கால்வாசிதான் ஈரம் ஒட்டியது.

அதை வைத்து என் நிலத்தில் பாதிக்கு மேல் பாய்ச்சியிருக்கலாம். முறைப்படி எனக்கு உரிமையும் இருந்தது. ஆனால் பாய்ச்சி முடித்த பிறகு சத்தத்துக்கு ஒரு சொட்டு இருக்காது. அண்ணன் நிலமும் என் நிலமும் சேர்ந்து இளகிக் கிடக்கும், பன்றி வரும், இரண்டும் போகும். எனக்குக் கணக்கு எப்போதும் இப்படித்தான் ஓடும், கெட்டதிலிருந்து இன்னும் கெட்டதற்கு. நான் குச்சியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன்தான் யோசனை சொன்னார்.

"பெல்ட்ட உருவிடுவோம்டா. பம்ப இழுக்கற பாரம் இல்லன்னா டீசல் கம்மியாதான் குடிக்கும். சாயங்காலத்துல கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டுவோம், ரோடு தொறக்கற வரைக்கும் தாங்கும். தொறந்ததும் மொதத் தண்ணி உனக்கு."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் மனைவிக்குப் படவில்லை.

"அவுரு பங்கு நனைஞ்சிடுச்சி, காவலுக்கு நம்ம டீசலா? உங்க வாயில இன்னா மல்லாட்டையா வெச்சிக்கினு இருந்தீங்க?"

"பன்னி வந்தா நம்ம பக்கமும்தான்டி வரும்."

"நம்ம பக்கம் இன்னா இருக்குது அது வந்து துன்ன?"

அன்று சாயங்காலம் அண்ணன் பெல்ட்டை உருவி ஆணியில் மாட்டினார். கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பினார், பானையைக் கவிழ்த்தார். பாரம் இல்லாததால் சத்தம் சன்னமாக, வேகமாக வந்தது. அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மறியலுக்குக் கிளம்பினார்.

"அண்ணே, இஞ்சின் பக்கத்துல ஆள் வாணாமா?"

"சத்தத்துக்குத்தானடா ஓட்றோம். பக்கத்துல ஒக்காந்து தாளம் போடணுமா? பொழுது போறதுக்குள்ள வந்து நிறுத்திடறேன், நீ வூட்டுக்குப் போ."

மாட்டுக்கு வைக்கோல் போட நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டிலிருந்தும் சத்தம் கேட்கும். பெல்ட்டை யாராவது எடுத்துப் போய்விடுவார்களோ, கொட்டாய்க் கீற்றில் பொறி விழுமோ, மறியலில் அண்ணனைப் பிடித்துப் போய்விட்டால் அண்ணிக்கு யார் சொல்வது என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கொஞ்சம் கனத்தது. பிறகு இழுத்தது. அப்புறம் யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றுவிட்டது.

ஓடினேன். கொட்டாய்க்குள் பெயிண்ட் கருகும் வாடை. இஞ்சினுக்குப் பக்கத்தில் போக முடியாத அளவுக்குச் சூடு. பம்பு இறைக்கும் தண்ணீரில் கொஞ்சம் ஒரு ரப்பர் ட்யூப் வழியாக இஞ்சினுக்குள் ஓடித்தான் அதன் சூட்டைத் தணிக்கும். பெல்ட் இல்லை என்றால் பம்பு இல்லை, பம்பு இல்லை என்றால் அந்தத் தண்ணீரும் இல்லை. அந்த ட்யூபை மாட்டியதே நாங்கள் இருவரும்தான். வெறுமனே ஓடியதில் பிஸ்டன் காய்ந்து இறுகிப் பிடித்துக்கொண்டது. பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

அண்ணன் வந்து பார்த்தார். சூடு ஆறியதும் மண்ணெண்ணெய் ஊற்றினோம், ஆளுக்கொரு பக்கம் தொங்கினோம். ஒன்றும் ஆகவில்லை. இஞ்சின் இல்லாத அந்த மேட்டில் ஓடைப் பக்கத்துத் தவளைகளும் ஏதோ ஒரு பறவையும் தெளிவாகக் கேட்டன. அவை எப்போதும் அங்கேதான் இருந்திருக்கும்.

காலையில் போனபோது வடக்குப் பக்கம் உழுது போட்ட மாதிரி கிடந்தது. பன்றிகள் வரிசை பிடித்துக் கிளறியிருந்தன. செடிகளை மல்லாத்திப் போட்டுக் காயை மட்டும் மென்று தோலைத் துப்பியிருந்தன. வரப்பு வரைக்கும் குளம்படி. வரப்பைத் தாண்டி என் பக்கத்தில் இரண்டு மூன்று கீறல்தான் இருந்தது. தரை கல் மாதிரி.

அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். கிழக்கு மூலையில் பன்றி விட்டுப்போன செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் போகம் முழுக்க அதுதான், வேறு பயிர் இல்லை. எனக்கும் அதுதான், ஆனால் என்னுடையது நின்றுகொண்டிருந்தது. என் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று குனிந்து நானும் ஒரு செடியை நிமிர்த்தினேன்.

"தண்ணி வுடாததுதான்டா நல்லது பண்ணுச்சி உனக்கு" என்றார்.

"அப்பிடிச் சொல்லாதண்ணே."

"வேற எப்பிடிச் சொல்றது? பன்னிகிட்டதான் கேக்கணும். உன் பக்கம் ருசியில்ல போல." சிரித்தார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் செடியைப் பார்த்தேன்.

நாங்கள் நிமிர்த்தி வைத்த செடிகளும் இரண்டு நாளில் வாடிப் போயின. மரங்களை அறுத்து இழுத்து ரோடு திறந்தபோது என் செடிகளும் நடுப்பகலில் இலையை மடக்கிக்கொண்டிருந்தன. பாய் கடைக்கு லாரி வந்தது. அவர் அனுப்பிய மெக்கானிக் இஞ்சினைப் பிரித்துத் தேய்த்து, புது ரிங் போட்டுக் கொடுத்தார். போகும்போது ஆணியில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

முதல் தண்ணீர் எனக்கு. நான் மடைக்குப் பக்கத்தில் மண்வெட்டியுடன் நின்றேன், இஞ்சினைக் கிளப்பத் தோன்றவில்லை. நேற்றுவரை பன்றி வராத நிலத்தை நானே இளக்கி வைப்பதா? விடாவிட்டால் பொக்கு. விட்டால் பன்றி.

"இன்னாடா நிக்கற?"

"யோசன பண்றேன்."

"நீ யோசன பண்ணிக்கினே இருந்தா செடியே கெணத்துல எறங்கி மொண்டு குடிச்சிக்குமா? தள்ளு." கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பியது அவர்தான். என் நிலம் நனைந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவர்தான் வந்து இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வரச் சொல்லவில்லை. பெல்ட் போட்டு ஓட்டினால் தண்ணீர் வரும், அதை என் பக்கம் விட்டால் சேறாகிவிடும். அதனால் மடையை வடக்கே திருப்பினோம். பன்றி கிளறிய நிலத்தில் அந்த ஈரத்தை வைத்து அவர் கேழ்வரகு நாற்று விட்டார். பன்றிகள் எங்கள் பக்கமே வரவில்லை. சத்தத்துக்கு வரவில்லையா, ஏற்கெனவே தின்றது போதும் என்று வரவில்லையா, தெரியாது.

நான் காத்திருக்க வேண்டிய நாள்வரை காத்திருக்கவில்லை. இலை லேசாக மஞ்சள் அடித்ததுமே ஆள் விட்டுப் பிடுங்கிவிட்டேன். அண்ணன் ஒரு செடியை உதறி, ஒரு காயை உடைத்து வாயில் போட்டார்.

"பாதி பால்டா இது. இன்னும் ஒரு வாரம் வுட்டிருந்தா நல்லா வெளஞ்சிருக்கும்."

"ஒரு வாரமா? எனக்குத் தூக்கமே வராதுண்ணே."

"அப்ப உன் தூக்கத்துக்கா நான் தெனமும் அங்க ஒக்காந்தேன்?"

காய் பிடுங்க வந்த பெண்கள் சிரித்தார்கள். நன்றாக விளைந்த செடிகளாகப் பார்த்து வரப்போரம் தனியாகக் குவித்திருந்தேன். அவருக்கு என்று சொன்னால் வாங்க மாட்டார், சொல்லாவிட்டாலும் எப்படிக் கொடுப்பது என்று காலையிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் குவியலைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"விதைக்கு" என்றேன். "உனக்கும் விதை வேணுமில்ல."

அவர் குனிந்து குவியலைக் கிளறி, விதைக்கு ஆகாமல் காய் இன்னும் பாலாக இருந்த செடிகளாகப் பார்த்து நாலைந்தை எடுத்து என் பக்கம் போட்டார். மீதியைக் கட்டச் சொல்லிக் கயிறு கேட்டார்.