நைனா பாதியில் விட்ட படங்கள்

தம்பெரேயில் எங்கள் வீட்டு முன்னறையில் தினமும் காலையில் யாராவது ஒருவர் அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்பார். ஒருநாள் மீசைக்காரர், மறுநாள் ஜீப்பின் மேல் ஏறி நிற்பவர். வேலைக்குக் கிளம்பும் முன் காபித் தம்ளரோடு வந்து டிவியைப் போட்டால், பழைய ஸ்ட்ரீமிங் பெட்டி முக்கி முனகிக் கண்விழித்து, 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் தவறாமல் அவரைக் காட்டும். ஜன்னலுக்கு வெளியே பின்லாந்தின் இருட்டு. பனி வாரும் வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு போகும். உள்ளே தமிழில் வசனம் பேசும் தெலுங்கு நாயகர். அவரைப் பார்ப்பதற்காக நான் டிவி போடுவதில்லை. அவர் காலடியில் ஓடும் சிவப்புக் கோடு எதுவரை வந்து நிற்கிறது என்று பார்ப்பதற்காகப் போடுகிறேன். கோடு நிற்கிற இடத்தில், முந்தைய இரவு, ஆரம்பாக்கத்தில் என் நைனா படத்தை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போயிருக்கிறார். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவுக்கு அதுதான் பெயர்.

ஊரை விட்டுக் கிளம்பிய சமயத்தில், ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று கும்மிடிப்பூண்டிக் கடையொன்றில் கொடுத்த பெட்டிகள் இவை. ஒன்றை நைனா வீட்டு டிவியில் மாட்டினேன். மற்றதைப் பழைய புடவையில் சுற்றி சூட்கேஸில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். கணக்கு ஒன்றுதான், என் பெயரில். அதற்குள் ஆளுக்கொரு பிரிவு வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தும் யாரும் மெனக்கெடவில்லை. அதனால் அங்கே யார் எதைப் பார்த்தாலும் இங்கே தெரியும். என் கணவர் இதைப் பார்த்துவிட்டு, "உங்க நைனா ரசனைக்கு நம்ம டிவி பயந்துபோயிருக்கு" என்று சிரிப்பார்.

பின்லாந்து வருவதற்கு முன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் தரப்பரிசோதனையில் இருந்தேன். கண்ணுக்கு நேராக இருப்பதை நம்பாமல் அளந்து பார்க்கிற புத்தி அங்கே வந்தது, இன்னும் போகவில்லை. நைனாவின் கோட்டையும் அப்படித்தான் அளப்பேன். படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நின்றிருந்தால் அன்று நடவு அல்லது நெல் அறுப்பு. மனுஷன் சாய்ந்ததும் தூங்கிவிட்டார். இடைவேளைப் பக்கம் நின்றால் சாதாரண நாள். கோடு அசையவே இல்லை என்றால் ஊரில் மழை, கரண்ட் போயிருக்கும். போனில் கேட்டால் இதில் ஒன்றும் கிடைக்காது. "நல்லா கீறேம்மா. நாஷ்டா துன்னியா? சரி, வச்சிடறேன்" என்பார். எனக்கு அப்போது காலைச் சாப்பாடெல்லாம் முடிந்து பிற்பகலாக இருக்கும். அதையெல்லாம் அவர் பார்ப்பதில்லை. மகள் என்றால் நாஷ்டா கேட்க வேண்டும், கேட்டுவிட்டார்.

போன வருடம் அம்மா இறந்தபோது நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கருமாதி வரை இருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தேன், எவர்சில்வர் பாத்திரங்களை எண்ணி வாங்கி வைத்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் தம்பி காட்டுப்பள்ளிக்குத் திரும்பினான், நான் தம்பெரேக்குத் திரும்பினேன், நைனா தனியாக அந்த வீட்டில் நின்றார். திரும்பி வந்து டிவியைப் போட்டபோது வரிசையில் அம்மாவின் சீரியல் அப்படியே இருந்தது. மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் கதவைத் திறக்கப் போகிற இடம். அம்மா அங்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நைனாவும் அதைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. புதுப் படங்கள் முன்னால் வர வர அது பின்னால் தள்ளிக்கொண்டே போய், இப்போது வரிசையின் கடைசியில் இருக்கிறது. அந்தப் பெண் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நைனாவின் கோடு மாறிவிட்டது. படம் கடைசி வரை ஓடியிருக்கும். அடுத்த படமும் ஓடியிருக்கும். கழனியில் பாடுபட்டு வந்த ஆள் இரண்டு படம் முழுசாகப் பார்க்கிறார் என்றால் அது பொழுதுபோக்கு இல்லை. கேட்டால் "நல்லா தூங்கறேம்மா" என்பார். எனக்கும் அந்தச் சமயத்தில் எதிலும் மனம் ஒட்டவில்லை. வேலைக்குப் போவேன், வருவேன், சமைப்பேன். கணவர் தூங்கிய பிறகு எதையோ ஓடவிட்டு சோபாவில் கிடப்பேன். என்ன ஓடியது என்று காலையில் கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் ஆலையில் நல்லதுக்குப் பச்சை அட்டை, கழிவுக்குச் சிவப்பு, இரண்டிலும் சேராததற்கு மஞ்சள். மஞ்சள் கட்டிய பொருள் ஒரு மூலையில் கிடக்கும், யாராவது வந்து முடிவு சொல்லும் வரை. நான் அந்த மூலையில்தான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் டிவியில் அறிவிப்பு வந்தது. இந்தப் பெட்டி பழையது, இனி புதுப்பிக்கப்படாது, சீக்கிரம் சேவை நின்றுவிடும், புதிய பெட்டிக்கு மாறுங்கள். கூடவே இன்னொன்றும் இருந்தது. புதிய பெட்டிகளில் ஒரு கணக்குக்கு ஒரே வீடுதான். பழைய பெட்டி அதையெல்லாம் கேட்காது. ஆரம்பாக்கத்தையும் தம்பெரேயையும் ஒரே வீடாக நினைத்துக்கொண்டு இத்தனை நாள் ஓடியிருக்கிறது. கணவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: "இது தொறக்கறதுக்குள்ள நான் ஒரு டீ போட்டுக் குடிச்சிடறேன். நமக்குப் புதுசு வாங்கலாம். நைனாவுக்கும் புதுப்பெட்டி, தனிக் கணக்கு. யாருக்கும் தொந்தரவு இல்ல." அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அதனாலேயே 'பார்க்கலாம்' என்று சொல்லிச் சொல்லியே குளிர்காலத்தில் பாதியை ஓட்டிவிட்டேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை தனியாகக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணிடம் புதிய பெட்டி வேண்டும் என்றேன். பழையது 'ரிக்கி'யா, அதாவது கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டாள். 'ஏய்' என்றேன். இங்கே இல்லை என்பதற்கு அதுதான் வார்த்தை. வந்த புதிதில் ஊர் முழுக்க என்னை அதட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கெட்டுப்போகாததை ஏன் மாற்ற வேண்டும் என்பதுபோல் பார்த்தாள். நான் எனக்குத் தெரிந்த அரைகுறை பின்னிஷில் சொன்னேன்: இரண்டு டிவி, ஒரு கணக்கு, ஒன்று இங்கே, ஒன்று இந்தியாவில், அங்கே இருப்பவர் அப்பா. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அவர் வியெராஸ்" என்றாள். மொழி வகுப்பில் அந்தச் சொல்லுக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்த பொருள் அந்நியம். அந்நிய மொழி, அந்நிய ஊர், அந்நிய ஆள். எனக்குச் சுருக்கென்றது. இல்லை, அவர் என் அப்பா என்றேன். அவளும் சிரித்த முகமாகவே, ஆமாம், உங்கள் அப்பாதான், வியெராஸ் என்றாள். மறுபடி நான் அப்பா என்றேன், மறுபடி அவள் வியெராஸ் என்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற கிழவர் தன் தொப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். விருந்தாளிக்கும் இந்த ஊரில் அதே சொல்தானாம். கூடுதல் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் நல்லதுதான் சொல்லியிருக்கிறாள். விருந்தாளி என்று தெரிந்த பிறகும் எனக்கு ஆறவில்லை.

அதே வாரம் தம்பியும் கும்மிடிப்பூண்டியில் ஒரு புதிய பெட்டி வாங்கி நைனாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். இரண்டு வீட்டிலும் புதிய பெட்டி அட்டைக்குள் கிடந்தது. கணக்கைப் பிரிப்பதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நைனாவைக் கூப்பிட்டேன்.

"நைனா, பழைய டப்பா நின்னுடும். புதுசுல உனக்குன்னு தனியா ஒரு கணக்கு போட்டுத் தரேன்."

"தனியா இன்னாத்துக்கு? இதுவே நல்லாத்தானே ஓடிக்கினு கீது."

"எல்லாம் ஒண்ணுதான் நைனா. உன் படம் எல்லாம் அதுலயும் வரும்."

"என் படம் வரும். நீ பாக்கறது வருமா?"

எனக்குப் புரியவில்லை. "நான் பாக்கறது உனக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"காலீல கழனிக்குப் போறதுக்கு முந்தி போட்டுப் பாப்பேன். அந்தப் பனிக்கட்டிய ஒடச்சிக்கினு ஒரு கப்பல் போவுதே, அத்தயேதான் நீ பாத்துக்கினு கீற. நான் படுக்கறப்ப ஒரு எடத்துல நிக்குது, எழுந்து பாத்தா நவுந்து போயிருக்குது. அப்ப உனுக்கு நடுராத்திரிதானே. நீ தூங்கறதில்லையாமா?"

அவருடைய கோட்டை நான் அளந்துகொண்டிருந்தேன். என் கோடும் அதே வரிசையில்தான் இருக்கிறது என்பது இத்தனை நாளும் எனக்குத் தோன்றவே இல்லை. தரப்பரிசோதனை செய்தவளுக்குத் தன் பக்கம் மட்டும் கண்ணில் படவில்லை. நைனாவும் போனில் இதைக் கேட்டதில்லை. நாஷ்டா துன்னியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்திருக்கிறார்.

"தூங்கறேன் நைனா" என்றேன்.

"ம்" என்றார். அவர் நல்லா தூங்கறேன் என்றால் நான் எவ்வளவு நம்புவேனோ அவ்வளவுதான். பிறகு, "புதுக் கணக்குல அம்மாது வருமா?" என்று கேட்டார்.

"வராது நைனா. அதுல ஒண்ணுமே இருக்காது. முதல்லேருந்துதான்."

"அப்ப வேணாம். இதுலயே இருந்துட்டுப் போறேன். பேஜாரு இல்லாம இருக்கும்."

அப்போதுதான் எனக்கு வலித்தது. அழுகை என்று சொல்ல முடியாது. மரத்துப்போன காலை ஊன்றும்போது சுருக்கென்று இருக்குமே, அந்த அளவுதான். ஆனாலும் பல மாதத்துக்குப் பிறகு வந்த வலி என்பதால் அதை ஒன்றும் செய்யாமல் அப்படியே இருக்க விட்டேன்.

என்னைப் போல வந்து தங்கிவிட்ட பலருக்கும் எது உன் வீடு என்கிற கேள்வி எங்காவது ஒரு பொத்தானில் வந்திருக்கும். எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தம்பி வந்து நைனா வீட்டில் பெட்டியை மாட்டினான். இங்கே கணவர் எங்களுடையதை மாட்டினார். கணக்கைப் பிரிக்கவில்லை. அப்படியானால் ஒரு வீட்டைத்தான் சொல்ல வேண்டும், எதைச் சொல்லப்போகிறாய் என்று கணவர் கேட்டார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நைனாவிடம் பேசினேன்.

"நைனா, டிவியில இன்னா கேக்குது?"

"இதான் உங்க ஊடான்னு கேக்குது."

"ஆமான்னு கீறத அமுக்கு."

"அமுக்கிட்டா உனுக்கு அங்க ஓடுமா?"

"அத்த நான் பாத்துக்கறேன். நீ அமுக்கு."

"அமுக்கிட்டேன்" என்றார். பிறகு, "வரிசை வந்துடுச்சி. அம்மாது கடைசீல கீது" என்றார். வைத்துவிட்டார். அன்று நாஷ்டா கேட்க மறந்துவிட்டார்.

எங்கள் டிவி வேகமாகத் திறந்தது. கணவருக்கு டீ போட நேரம் கிடைக்கவில்லை. படம் வருவதற்கு முன்னால் ஒரு அறிவிப்பு வந்து நின்றது. இந்த டிவி உங்கள் வீட்டில் இல்லை. கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில், இதை உங்கள் வீடாக மாற்று. இன்னொன்றில், நான் பயணத்தில் இருக்கிறேன். கணவர் என் முகத்தைப் பார்த்தார், ரிமோட்டை என் கையில் கொடுத்தார். இரண்டாவதை அமுக்கினேன். போனுக்கு ஒரு எண் வந்தது, அதைப் போட்டதும் உள்ளே விட்டது.

கொஞ்ச நாளைக்கு ஒருமுறை அது மறுபடி கேட்கிறது. வேலை முடிந்து, சொந்தச் சாவியால் கதவைத் திறந்து, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டி, குளிர்கோட்டை அதன் கொக்கியில் மாட்டி, நான் தேர்ந்தெடுத்து வாங்கிய சோபாவில் உட்கார்ந்து, பயணத்தில் இருக்கிறேன் என்று அமுக்குகிறேன். அது நம்பிவிடுகிறது. பிறகு நைனா எங்கே தூங்கினார் என்று காட்டுகிறது.