ஏழு கிலோ நூறு

குழந்தைகளுக்கு எடை போடும் அக்காவுக்கு எங்கள் அங்கன்வாடி மையத்தில் ‘கெட்டி’ என்று பெயர். ஆறு மாதம் முடிந்த குழந்தையைத் தூக்கி வரும் எந்தத் தாயையும் சும்மா விடமாட்டாள். “கரண்டியைச் சாய்ச்சா கஞ்சி வழிஞ்சு ஓடக் கூடாது. ஓடுச்சுன்னா அது தண்ணி. வயிறு ரொம்பும், உடம்பு ஏறாது. கெட்டியா குடுங்க, பருப்பைப் போட்டு மசிங்க, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க.” பன்னிரண்டு வருடமாக இதே பல்லவி. அவள் வாய்க்குப் பயந்தே குழந்தையைத் தேற்றியவர்கள் உண்டு. பக்கத்து நாற்காலியில் எடை குறிக்கும் அட்டையை எடுத்துக் கொடுக்கிற எனக்கே மனப்பாடம்.

அப்பேர்ப்பட்ட வாய் ஒரு வீட்டில் மட்டும் செல்லாது. அது அவள் தங்கை வாழ்க்கைப்பட்ட வீடு. தங்கை துணி ஆலைக்குப் போய்விடுவாள். எட்டு மாதப் பெண்குழந்தையைப் பார்த்துக்கொள்வது நாத்தனார். முதல்முறை மசித்த சோறு ஊட்டியபோது குழந்தைக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து கஞ்சியை நீர்க்கக் கரைத்து, புட்டி ரப்பரின் ஓட்டையைப் பெரிதாக்கிப் புகட்டுகிறாள். கெட்ட எண்ணமில்லை, பயம், அதற்கு மேல் பிடிவாதம். எடுத்துச் சொல்லப் போன அக்காவுக்கு, “உங்க பாடத்தை ஆபீஸோட வெச்சுக்கங்க” என்று முகத்திலடித்த மாதிரி பதில் கிடைத்தது.

போன மாதம் தங்கை லீவு போட்டுக் குழந்தையைத் தூக்கி வந்தாள். ஆறு கிலோ நானூறு. அதற்கு முந்தைய மாதம் ஆறு எழுநூறு இருந்தது.

“பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், உடனே போ.”

“வேணாங்க்கா. குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா, நான் வேலைக்குப் போறதாலதான்னு சொல்லி வீட்டுல உக்கார வெச்சுடுவாங்க. இந்த ஒரு தடவை ஏத்திப் போடு. அதுக்குள்ள நானே தேத்திடறேன்.”

அக்கா ஏழு கிலோ நூறு என்று எழுதினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு வாயைத் திறக்காததற்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

நேற்று நாத்தனாரே வந்தாள். பக்கத்து வீட்டுத் தாய்மார் இருவர் கைக்குழந்தைகளோடு கூட வந்திருந்தார்கள். அவள் தோளில் கிடந்த குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

“கெட்டி கெட்டின்னு கத்துனீங்களே, உங்க அட்டையையே பாருங்க. தண்ணியா குடுத்தும் ஒரே மாசத்துல நானூறு கிராம் ஏறியிருக்கு! இவங்களுக்கும் அப்படியே சொல்லிக் குடுத்திருக்கேன்.”

அக்கா குழந்தையைத் தராசில் வைத்தாள். ஆறு கிலோ நூறு.

“அது நான் பொய்யா எழுதினதும்மா. அப்பவே குறைஞ்சுதான் இருந்துச்சு. கஞ்சியை நிறுத்துங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.”

நாத்தனார் சிரித்தாள். “நான் சொன்னது சரின்னு ஆனதும் பேச்சை மாத்தறீங்களா? தராசைச் சரி பண்ணுங்க முதல்ல.”

கூட வந்த இரண்டு தாய்மாரும் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்கள். நாத்தனார் குழந்தையை வாங்கிக்கொண்டாள். “பாவம், பசி” என்று பையிலிருந்து புட்டியை எடுத்து, எங்கள் கண்ணெதிரிலேயே அதன் வாயில் வைத்தாள். குழந்தை மடக் மடக்கென்று குடித்தது.