தட்டில் வளர்ந்த பாக்கியம்

புற்றுநோய் செல் வளர்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. செல் பசித்தால் அழாது; வாடினால் சொல்லாது; நாமாகப் போய்ப் பார்க்க வேண்டும். இதே பாடு படுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு விளக்கியது

திருவனந்தபுரத்தில் புற்றுநோய் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஒரு ஆய்வகத்தில் எனக்கு வேலை. சினைப்பைப் புற்றுநோய் முதலில் மருந்துக்கு அடங்கிவிடும். பிறகு திரும்பி வரும்போது அதே மருந்து பலிக்காது. ஏன் என்று கண்டுபிடிக்க, செல்களுக்கு மருந்தைத் துளித்துளியாகக் கொடுப்போம். தப்பிப் பிழைத்தவற்றை வளர்த்து, அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்போம். மாதக்கணக்கில் இதுதான்.

வலியசாலை வீட்டில் காபி ஆற்றியபடி அம்மா முழுக்கக் கேட்டாள். "மருந்துக்குச் சாகாத செல்லை நீயே பாலூட்டி வளர்க்கறயா? நன்னாருக்குடி உன் படிப்பு!"

மழைக்காலம்

ஜூன் மாதம் இங்கே சுவரே வியர்க்கும். ஒரு காலை, அப்படி வளர்த்த செல்களை எடுத்துப் பார்த்தேன். செல்லுக்குத் தீனியான இளஞ்சிவப்புத் திரவத்தில் வெள்ளையாக ஒரு மேகம் மிதந்தது. பூஞ்சை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.  எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று.

டெக்னீஷியன் ஷீபா சேச்சி குடுவைகளை வாங்கிக்கொண்டார். "இத்தனை மருந்துக்கும் சாகாதது ஒரு பூஞ்சைப் பூப்பலில தீர்ந்நு போச்சல்லே, மோளே!"

போனக்காட்டிலிருந்து வந்தவர்

இனி நோயாளிகளிடமிருந்தே செல் வாங்கலாம் என்று முடிவாயிற்று. அதற்குச் சம்மதம் கேட்க வேண்டும். தமிழ் பேசுகிறவர்களிடம் என்னை அனுப்புவார்கள். அப்படித்தான் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். போனக்காடு மலையில் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். அதே சினைப்பைப் புற்றுநோய்; வயிற்றில் நீர் கோத்திருந்தது. மருந்து பலிக்காமல் போயிருந்தது.

"செல்லுக்கு வெளியிலிருந்து ஒரு சேதி வருது அக்கா. அது கைமாறிக் கைமாறி உள்ளே போய், 'சாகாதே, அடிபட்டதைச் சரி பண்ணிக்கோ'ன்னு சொல்லுது. அந்தச் சேதி எந்த வழியா போகுதுன்னுதான் தேடறோம்."

வயிற்றிலிருந்து வடித்த, செல் மிதக்கும் நீரில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். பிறகு போர்வையை நீவியபடி சொன்னார்: "அதுவும் பொழைக்கத்தான் பாக்குது, என்னா? நானும் அதைத்தான மக்ளே பாக்குதேன்."

மைக்ராஸ்கோப்

அடுத்த முறை வந்தபோது, தன் செல்லைப் பார்க்க வேண்டும் என்றார். ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியரிடம் கேட்டு அழைத்துப் போனேன். அறையில் குளிர் காற்று; இயந்திரத்தின் முணுமுணுப்பு. லென்ஸில் கண்ணை வைத்தவர் எடுக்கவேயில்லை. ஊர்ப்பக்கத்துக் கல்லாற்றில் தண்ணீருக்கடியில் உருளைக்கல் கிடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அழகாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம்.

கடைசியில் நிமிர்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அது இங்கனயே இருக்கட்டும். நான் மட்டும் வீட்டுக்குப் போறேன்."

பலித்தது

சில மாதங்களில், சேதி போகும் ஒரு வழியை வேறொரு மருந்தால் அடைத்துவிட்டு, பழைய மருந்தைக் கொடுத்தோம். பாக்கியம் அக்காவின் செல்கள் செத்து, தட்டிலிருந்து கழன்று, பூ உதிர்வதுபோல மிதந்தன. ஷீபா சேச்சி என்னைக் கட்டிக்கொண்டார்.

சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அன்று அக்கா ஓ.பி.யில் காத்திருந்தார், ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "எனக்கு எப்போ போடுவாங்க?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது தட்டில் பலித்தது, எலியில் பார்க்க வேண்டும், பிறகு மனிதர்களில், வருஷங்கள் ஆகும். தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் இடம் விட்டு என்னை உட்காரச் சொன்னார். டாக்டர் வேறு மருந்து மாற்றியிருக்கிறார், நீர் கோப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது, நின்று வேலை செய்ய முடிகிறது என்றார். இன்றும் மலையிறங்கி வந்துகொண்டுதான் இருக்கிறார். அன்று டாக்டர் அறையிலிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டபோது, எழுந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தட்டுல இருக்கவளுக்குக் குணமாயிட்டு. பெஞ்சில இருக்கவளுக்கு என்ன மக்ளே வழி?"

எங்கள் ஆய்வகத்திலிருந்து வார்டுக்கு ஒரு மாடிப்படிதான் தூரம். ஏறி முடிக்க ஒரு ஆயுள் பிடிக்கிறது என்பதைத் தவிர இந்த வேலையில் வேறு குறையொன்றுமில்லை.